மூன்று பேர் திறந்த மடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வயலுக்குத் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று விளக்கத்தான் உட்கார்ந்தேன். விளக்குவது எனக்குப் பிடிக்கும். நடுவில், கணவனைப் பறிகொடுத்த அம்சம் வந்து நின்றுவிட்டாள். அவளைத் தாண்டி வாய்க்கால் வெட்ட முடியவில்லை.

முதல் வரி: காவிரி அன்று அழுதது போல...

(அடித்துவிட்டேன். ஆறு அழாது. மேட்டூரில் திறந்தால் வரும், மூடினால் நிற்கும்.)

2

வலங்கைமான் பக்கத்து ஊர். கழக ஆட்சியில், குத்தகைக்கு உழுபவர் பெயரைப் பதியத் தொடங்கியிருந்த வருஷங்கள். தன் பெயர் பதிவாகும் முன்பே அம்சத்தின் கணவன் முருகையன் காய்ச்சலில் போய்விட்டான். இந்தப் போகம் நடவில்லையென்றால், "விட்டுவிட்டாள்" என்று சொல்லி நிலக்காரர் பட்டாபிராமன் வயலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தும் அம்சம் வீட்டை விட்டு வரவில்லை, யாரோடும் பேசவில்லை. பக்கத்து வயல் மருதையன்தான் அவளுடைய நாற்றங்காலில் முளைவிதை தெளித்துவிட்டு வந்தான்.

(பட்டாபிராமனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். மீசையை முறுக்கினார். எனக்கே சிரிப்பு வந்தது. துக்கம் விசாரிக்க வந்தபோது அவர் கண்ணும் கலங்கியது. போகிற வழியில் வயலையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.)

3

இப்போது விளக்கம். முளைவிதைக்குச் சேற்றின் ஈரமே போதும். வேர் மண்ணைப் பிடிக்கும்வரை பகலில் தண்ணீரை வடித்துவிட்டு, மாலையில் கொஞ்சம் பாய்ச்ச வேண்டும். கூடினால் விதை மிதந்து காற்றோடு மூலைக்கு ஒதுங்கிவிடும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும்.

தெரிந்தவர்கள்தான் செய்தார்கள். கருமாதியன்று மாலை, "பாவம், அம்சம்" என்று மருதையன் அவள் மடையைக் கொஞ்சம் திறந்தான். பின்னால் வந்த கீழ்வயல் கண்ணாத்தாள் இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தினாள். அப்புறம் மேல்வயல் கோவிந்தராசு, தன் பங்குக்கு. மூடுவதை மட்டும் ஒவ்வொருவரும் மற்றவருக்கு விட்டுவிட்டார்கள்.

4

காலையில் நாற்றங்கால் குளமாகக் கிடந்தது. சேதி கேட்டு அம்சம் வந்தாள்.

(இங்கே அவள் கதறி... என்று தொடங்கினேன். அவள் ஒத்துழைக்கவில்லை.)

"ஏன் மருதையண்ணே, நாத்து விட்டீங்களா, மீன் விட்டீங்களா?"

மருதையன் தலையைச் சொறிந்தான். "நான் லேசாத்தாம்மா திறந்தேன். கண்ணாத்தாதான்..."

"நான் மட்டுமா? இந்தக் கோவிந்தராசு வாய்க்காலையே திருப்பிட்டான்," என்றாள் கண்ணாத்தாள்.

"ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் அக்கா," என்றான் கோவிந்தராசு.

"இன்னும் ரெண்டு பேரு ஒத்தாசை பண்ணியிருந்தா நாகப்பட்டினம் வரைக்கும் மிதந்து போயிருப்பேன்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. அம்சம் சிரித்தாள், அந்தச் சிரிப்பிலேயே அழுதாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, வடிகாலைத் திறக்கச் சொன்னாள். மூலையில் ஒதுங்கிய முளைகளை மூவரும் முறத்தில் அள்ளிக் கொடுக்க, முருகையனைப் போலவே கையை வீசி அவளே தெளித்தாள்.

5

நாற்று வந்தது, நட்டாள், அவள் பெயர் பதிவானது. இந்த முடிவில் நான் விளையாட மாட்டேன், உங்களையும் விளையாட விட மாட்டேன்.

ஆனால் அன்று காலை தெளித்து முடித்துக் கரையேறியதும் அவள் சொன்னாள்: "இனிமே எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுச் செய்யுங்க."

"சரி, கேக்குறேன்," என்றான் மருதையன். "இப்ப உனக்கு என்னம்மா வேணும்?"

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் காப்பி கேட்டாள். ஒன்றில், அவரைப் பத்தி ஏதாவது பேசுங்க என்றாள். இன்னொன்றில், கொஞ்ச நேரம் என்னைத் தனியா விடுங்க என்றாள். மூன்றும் அவளைக் கேட்காமல் நானாகக் கொடுத்தவை, அடித்துவிட்டேன். மூவரும் சேற்றுக் கையோடு நிற்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த துக்க வீடு ஒன்று இருக்குமே, அங்கே போய்க் கேட்டுவிட்டு வந்து நிரப்புங்கள்:

"எனக்கு இப்ப