சூடேறாத மெஷினும் சனிக்கிழமை விருந்தாளியும்

“ஒரு காபி மெஷின ரிப்பேர் பண்ண எத்தினி சனிக்கெழமதான் வருவாரு அந்த ஆளு? இன்னா, ரயில் இஞ்சினா அது?”

தமிழரசு போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராதிகா குக்கரை அணைத்துவிட்டாள். விசில் சத்தத்தில் நடுவே ஒரு வரி விட்டுப்போனால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

“மெதுவா பேசுடா. ஊடு பூரா தொறந்துகினு கீது,” என்றாள் சித்ரா.

“கெடக்கட்டும். இந்தத் தெருவுல யாருக்குத் தெரியாது? ஆவடியில கீற எனக்கே தெரியுது.”

“உனக்கு யாரு சொன்னது?”

தமிழரசின் கண் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் போய் வந்தது. ராதிகா ஜன்னலை விட்டு ஓரடி பின்வாங்கினாள்.

“யாரோ சொன்னாங்க, வுடு. வர ஞாயித்துக்கெழம கார எடுத்தாறேன். மெஷின தூக்கினு போயி சர்வீஸ் சென்டர்ல குடுத்துடறேன். அவன் பாத்துக்குவான். அப்புறம் அந்த கார்த்திகேசனுக்கு இங்க இன்னா வேல கீதுன்னு நானும் பாக்கறேன்.”

தம்பி கோபித்துக்கொண்டதில் சித்ராவுக்கு வருத்தமில்லை. அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கத்திவிட்டுக் கிளம்பும்போது மறக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். அந்தக் கடைசி வார்த்தைதான் அவளை உறுத்தியது. மெஷின் போய்விட்டால் கார்த்திகேசனுக்கு இங்கே என்ன வேலை?

சித்ராவின் கணவர் இறந்துபோனபோது மகள் திவ்யா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சித்ரா தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்து, மகளைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டாள். அதோடு தன் கதை முடிந்தது என்று அவளும் நினைத்தாள், தெருவும் நினைத்தது. அந்த வருஷம்தான் திவ்யா அம்மாவின் பிறந்தநாளுக்கு எஸ்பிரஸ்ஸோ மெஷின் ஒன்றை அனுப்பிவைத்தாள். பளபளவென்று, சமையல் மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது. “இது வந்ததிலேர்ந்து மிக்ஸிக்கு எடமில்ல,” என்று சித்ரா அலுத்துக்கொள்வாள். அதைச் சொல்லாமல் தெருவில் யாரிடமும் அவள் பேசி முடித்ததில்லை.

ஆயுத பூஜைவரை மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. பூஜையன்று வழக்கம்போல கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டி, கத்தரிக்கோல் என்று வீட்டில் உழைக்கிற எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாள். புது மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிக் கழுவி, அதற்கும் நாலு பக்கம் பொட்டு. மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டால் விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது, சூடு மட்டும் ஏறவில்லை. சூடாகிக்கொண்டிருக்கிறது போல என்று அவள் குளித்து, சமைத்து, தலை பின்னி முடிக்கும்வரை காத்திருந்தாள். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குழாய்த் தண்ணீராகவே இருந்தது.

எஸ்டேட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் அந்தக் கவலையைத்தான் அவள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். பக்கத்திலிருந்தவர் கள்ளிக்குப்பத்துக் கார்த்திகேசன். தினமும் அதே ஆட்டோ, அதே மூலை, மடியில் அதே சாப்பாட்டுப் பை. தங்கைகளைக் கரையேற்றிக் கரையேற்றித் தன் கல்யாணத்தை மறந்துபோன மனிதர் என்று ஆட்டோவுக்கே தெரியும். “நீங்க பாய்லர் கம்பெனியிலதான வேல செய்றீங்க? இதுவும் குட்டி பாய்லர்தானாம். ஒரு தடவ வந்து பாக்க முடியுமா?”

அவர் வேலை செய்வது பாய்லர் கம்பெனியில்தான். ஆனால் பில் போடுகிற பிரிவில். பாய்லரை அவர் கிட்டே போய்ப் பார்த்தது ஆயுத பூஜைக்குப் பொரி கொடுக்கிற அன்று மட்டும். அதைச் சொல்லியிருக்கலாம். “பாத்துடலாங்க,” என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து சனிக்கிழமைகள் தொடங்கின. முதல் வாரம் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் குறை சொல்லி, மெஷினை ஹீட்டர் போடுகிற பெரிய பிளக்குக்கு மாற்றினார். விளக்கு மினுக்கியது. அடுத்த வாரம் போர் தண்ணீரைக் குறை சொன்னார். உப்பு படிந்திருக்கும் என்று எலுமிச்சம்பழச் சாறு விட்டு ஊறவைத்தார். வீடெல்லாம் ஊறுகாய் வாசனை. அப்புறம் மீட்டர் ஒன்றை வாங்கிவந்து, கீழ்த்தட்டைக் கழற்றி, ஃபோனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஃபியூஸைத் தொட்டார், தெர்மோஸ்டாட்டைத் தொட்டார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா சூடு வரல,” என்றார், டாக்டர் மாதிரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் மெஷின் தோற்றதும் சித்ரா ஃபில்டர் காபி போட்டாள். அதைக் குடித்து முடிக்கத்தான் நேரம் அதிகம் பிடித்தது. சமையலறையிலிருந்து இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டதாக ராதிகா சாட்சி சொல்கிறாள்.

தீபாவளி முடிந்த ஒரு புதன்கிழமை சித்ரா தொட்டியைக் கழுவ எடுத்தாள். அது வைக்கிற இடத்தில், மெஷினின் முதுகில், மிளகுபோல ஒரு கறுப்புக் கண் இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிற கண். அதற்கு நேர் எதிரே, தொட்டியின் பின்பக்கம், அவள் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து அப்பியிருந்தது. மெஷினுக்குத் தண்ணீரே தெரியவில்லை. வெறும் தொட்டி என்று நினைத்து அடுப்பை மூட்டாமல், தண்ணீர் ஊற்று, தண்ணீர் ஊற்று என்று விளக்கால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? அது தானாக உதிர வேண்டும். கார்த்திகேசனும் அதனால்தான் அதைத் தொடாமலே விட்டிருந்தார்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு துடைத்தாள். விளக்கு நிலையாக எரிந்தது. மெஷின் சீறியது, காபி வந்தது. தனியாக உட்கார்ந்து குடித்தாள். கசந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தனக் கட்டையை எடுத்து இழைத்து, அதே இடத்தில் பொட்டு வைத்தாள். அடுத்த வெள்ளியும். நல்ல காரியத்துக்குத்தானே, அம்மன் கோபிக்க மாட்டாள் என்று அவளாகவே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

தமிழரசு கெடு வைத்துப் போன வாரமும் பொட்டு வைத்தாள். சனிக்கிழமை கார்த்திகேசன் வந்ததும், “நாளைக்குத் தம்பி இத சர்வீஸுக்கு எடுத்துனு போறான்,” என்றாள்.

அவர் பையைத் திறக்கவில்லை. “ஓகோ,” என்றார். ஓரமாக ஒதுங்கியிருந்த மிக்ஸியைப் பார்த்தார். அதிலிருந்த ஆயுத பூஜைப் பொட்டு வெளுத்து உதிர்ந்து பாதிதான் மிச்சமிருந்தது. பிறகு தொட்டியைத் தூக்கிப் பின்பக்கத்தை விரலால் தொட்டார். சந்தனம் விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

சித்ரா அவசரமாகத் தொட்டியை வாங்கக் கை நீட்டினாள். “நான் வந்து... அது...”

“போன வாரமே பாத்தேங்க,” என்றார் கார்த்திகேசன். “அப்பவும் ஈரமாத்தான் இருந்துச்சு.”

“பாத்துட்டு ஏன் சொல்லல?”

“சொன்னா சரியாயிடுமே. அப்புறம் நான் இன்னான்னு சொல்லினு வர்றது?”

சித்ரா சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் முந்தானையால் மேடையைத் துடைத்தாள்.

“எனக்கு மெஷின பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நான் பில் போடற ஆளு,” என்றார் அவர்.

“தெரியும். மூணாவது வாரமே தெரியும். ஸ்க்ரூ டிரைவர கரண்டி மாதிரி புடிச்சினு இருந்தீங்க.”

அவர் ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தார். “நாளைக்கு உங்க தம்பி வரட்டும். நானும் வரேன்.”

மறுநாள் தமிழரசு காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது மெஷின் சீறிக்கொண்டிருந்தது. கார்த்திகேசன் இஸ்திரி போட்ட சட்டையில், பையோ மீட்டரோ இல்லாமல், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ராதிகா ஒரு கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“மெஷினு ஓடுது?” என்றான் தமிழரசு.

“ஓடுது. நேத்தே சரியாயிடுச்சு,” என்றாள் சித்ரா.

“அப்ப இவரு இன்னாத்துக்கு வந்துகீறாரு?”

சித்ரா கப்பைத் தம்பியின் முன்னால் வைத்தாள். “சும்மாதான் வந்துகீறாரு. இனிமேலும் வருவாரு. நான்தான் வரச்சொன்னேன்.”

தமிழரசு அக்காவைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். மடியில் கையைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல இருந்தார். கத்துவதற்கு இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் தமிழரசு காபியை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

“இன்னாக்கா இது, இம்மாங் கசப்பு. சக்கர குடு,” என்றான். பிறகு சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, “கள்ளிக்குப்பத்துல எந்த எடம் நீங்க?” என்று கேட்டான். ஒருமையில் கேட்கவில்லை என்பதை ராதிகா மனதில் குறித்துக்கொண்டாள்.

தை மாதத்தில் கல்யாணம். கோயிலில் மாலை மாற்றி, அன்றைக்கே பதிவும் செய்தார்கள். திவ்யா ஹைதராபாத்திலிருந்து வந்து அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டாள். பந்தியில் எல்லோரையும்விட அதிகமாக ஓடியாடியது தமிழரசுதான். நானே பார்த்து முடித்த சம்பந்தம் என்று இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தான். புதுத் தம்பதி பட்டாபிராமில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துப் போனார்கள். சித்ரா இருந்த மேனாம்பேட்டு வீட்டில் இப்போது கோகுல்நாத் என்று ஒருவர் மனைவியோடு குடியிருக்கிறார். இருவரும் நல்ல மாதிரி, சத்தமே வராது, ஜன்னலையும் திறப்பதில்லை. ராதிகா மாதத்துக்கு இரண்டு முறை மின்சார ரயில் பிடித்துப் பட்டாபிராம் போய்வருகிறாள்.