பன்னிரண்டு கீறல்கள்

செல்லப்பாண்டி தன் மூங்கில் குச்சியை நீட்டியபோது, ஷைஸ்தா அதை ஏதோ பரிசுக் கோப்பையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"இனிமே இது எனக்கு எதுக்கும்மா? நீயே வச்சுக்கோ. துணிக்கொடி தூக்கவாவது ஆவும்."

பதினெட்டு வருஷமாக அவர் அந்தக் குச்சியை டீசல் தொட்டிக்குள் விட்டு, நனைந்த அளவைப் பார்த்துத்தான் கடலிலிருந்து எப்போது திரும்புவது என்று முடிவு செய்துவந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பாவுச்சா தக்கா மீன்பிடித் துறையிலிருந்து தொழிலுக்குப் போகும் மன்சூர் அலியின் படகை நடத்துகிறவர் அவர்தான். அதே படகில் இன்ஜின் பார்ப்பவன் இஜாஸ், ஷைஸ்தாவின் கணவன். குச்சியைத் தூரப் போட்டுவிட்டு சென்சார் மாட்டலாம் என்று மன்சூர் பாயை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவனும் அவனே.

ஷைஸ்தாவுக்குத் தாராவியில் ஒரு சின்னக் கடை. தண்ணீர்த் தொட்டி சென்சார் என்றால் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பல குடியிருப்புச் சொசைட்டிகளில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தொட்டி காலியாக இருக்கும்போது ஒரு பதிவு, நிரம்பியதும் ஒரு பதிவு. நடுவில் உள்ளதை மீட்டர் தானே சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்பது வருஷத்தில் ஒரு புகார் வந்ததில்லை. அதனால் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. யாரிடமும் கடன் வாங்காத திமிர். அதில் தப்புச் சொல்ல முடியாது.

படகின் தொட்டி தளத்துக்குக் கீழே இருந்தது. மேலே தெரிந்தது சதுரமான ஒரு இரும்புத் தகடும், குச்சி விடும் துளையும்தான். புதுத் துளை போட அவள் டிரில்லை எடுத்ததும் செல்லப்பாண்டி பதறிவிட்டார்.

"டேங்க் பக்கத்துல பொறி பறக்கக் கூடாதும்மா. அதான் ஒரு ஓட்ட இருக்குல்லா, அதுலயே மாட்டு."

குச்சியின் துளையிலேயே சென்சாரை இறக்கி, ஐந்து ஸ்குரூ முடுக்கி, பசை போட்டு அடைத்தாள். மீட்டரைச் சுக்கான் சக்கரத்தின் பக்கத்தில் பொருத்தினாள். அதிலிருந்த சதவீத எண்கள் செல்லப்பாண்டிக்குப் பிடிக்கவில்லை.

"பர்சென்ட்டு கிர்சென்ட்டெல்லாம் எனக்கு வேண்டாம். டிரம் கணக்குல எழுதிப் போடு. இது பன்னெண்டு டிரம் டேங்க்."

அவளும் வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டி, வட்டத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டாகப் பிரித்து எண் எழுதினாள். பார்க்க அழகாகவே இருந்தது. சென்சாருடன் வந்த சின்னப் புத்தகத்தில், தொட்டி கோணலாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒவ்வொரு தடவையும் பதியவேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் புரட்டினாள். சதுரத் தகட்டுக்குக் கீழே சதுரத் தொட்டிதானே இருக்கும்? அதற்குள் செல்லப்பாண்டியும் அவசரப்படுத்தினார்.

"துறையில தண்ணி வத்துறதுக்குள்ள கெளம்பணும்மா."

பன்னிரண்டு டிரம்மையும் ஆட்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்த்தார்கள். அவள் தளத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். நிரம்பியதும் இரண்டாவது பதிவை அழுத்தினாள். ஊசி போய்ப் பன்னிரண்டில் நின்றது. இஜாஸ் கைதட்டினான்.

"கரைக்கு வர அஞ்சு டிரம் வேணும், ஒண்ணு கையிருப்பு. ஊசி ஆறுக்கு வந்தா திரும்புவோம்" என்றார் செல்லப்பாண்டி.

ஆறாவது நாள் காலையில் காற்று கிழக்கிலிருந்து வீசியது. அரபிக் கடலில் புயல் சின்னம், படகுகள் உடனே கரை திரும்பவேண்டும் என்று போனில் செய்தி வந்தபடி இருந்தது. இஜாஸின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மழைக்கு முன் துணியை எடுத்துவிடலாம் என்று ஷைஸ்தா வெளியே வந்தாள். கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த குச்சி கையில் வந்தது.

அதில் கத்தியால் கிழித்த கீறல்கள் இருந்தன. டிரம்முக்கு ஒரு கீறல். மேல்பக்கம் எல்லாம் நெருக்கிக்கொண்டு கிடந்தன. அடியில் ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. 'நல்லா கிழிச்சாரு அண்ணன், கண்ணை மூடிக்கிட்டு' என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு சிரிப்பு நின்றது. படகின் அடி ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கத்துக்குள் உட்கார்ந்த தொட்டியும் அடியில் ஒடுங்கித்தான் இருக்கும். அங்கே ஒரு டிரம் ஊற்றினால் மளமளவென்று உயரும். அகன்ற மேல்பாகத்தில் ஒரு டிரம் குறைந்தாலும் விரலளவுதான் இறங்கும். கோணல் குச்சியில் இல்லை. குச்சியின் அடிக்கும் உச்சிக் கீறலுக்கும் சரிநடுவில் அவள் கட்டைவிரலை வைத்து, கீழே இருந்த கீறல்களை எண்ணினாள். மூன்று. மறுபடி எண்ணினாள். மூன்றுதான். ஊசி ஆறு என்று காட்டும்போது தொட்டியில் மூன்று டிரம்தான் இருக்கும். குச்சி விட்டுப் பார்க்கலாம் என்றால் துளையையும் அவளே அடைத்திருக்கிறாள்.

ஈரத்துணியைப் படியிலேயே போட்டுவிட்டு, குச்சியோடு டாக்சி பிடித்தாள். டிரைவர் அவளையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தான்.

தக்காவில் மன்சூர் பாயின் அறைக்குள் வயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். கடலோரக் காவல்படைக்குப் போன் போட்டார். படகு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். மேற்கே என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. பிறகு வயர்லெஸ்ஸில் படகின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கடைசியில் பதில் வந்தது, கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த வேறொரு படகை நடத்தும் முகம்மது ஹனீபிடமிருந்து.

"அவங்கள முந்தாநாள் சாயங்காலம் பாத்துப் பேசுனேன் பாய். எல்லாரும் கரைக்கு வந்துக்கிட்டு இருக்கோம். அந்தப் பக்கம் இப்ப யாரும் இல்ல."

"அவங்க திரும்பலயா?"

"செல்லப்பாண்டி அண்ணன் திரும்பணும்னுதான் நின்னாரு. நாலு நாள் ஓடியும் ஊசி இவ்வளவுதானா எறங்கும், எனக்குச் சரியாப் படலன்னாரு. இஜாஸ் விடல பாய். ஊசி எட்டுல நிக்கி, இது எம் பொண்டாட்டி மாட்டுனது, பொய் சொல்லாதுன்னு சிரிச்சான். அண்ணனும் சிரிச்சுட்டாரு. இன்னும் மேக்க போயிட்டாங்க."

மன்சூர் பாய் ஷைஸ்தாவைப் பார்க்கவில்லை. மைக்கைப் பிடித்து மறுபடியும் படகின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். இரைச்சல் மட்டும் வந்தது. ஜன்னல் கதவு ஒரு தடவை படாரென்று அடித்துத் திறந்தது.

ஷைஸ்தா குச்சியைத் தரையில் ஊன்றி, உச்சிக் கீறல் வரையுள்ளதை மூன்று பங்காக மனதில் பிரித்து, அடியிலிருந்து இரண்டு பங்கு உயரத்தில் விரலை வைத்தாள். மீட்டரில் எட்டு என்று அவள் எழுதியது இந்த உயரத்துக்குத்தான். கீழே எண்ணினாள். ஐந்து கீறல்கள்.

கரைக்கு வர ஐந்து டிரம் வேண்டும். முந்தாநாள் சாயங்காலம் செல்லப்பாண்டி சொன்னபடி திரும்பியிருந்தால், சொட்டுக்கூட மிஞ்சாமல், இந்நேரம் வந்து சேர்ந்திருப்பார்கள். அவள் ஐந்தாவது கீறலிலிருந்து விரலை எடுக்கவில்லை.