பந்துக்குத் தடை

எங்கள் குடியிருப்பு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம். மொத்தம் இருபத்து நாலு வீடு. நான் தரைத்தளத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே. யார் வருகிறார், யார் போகிறார், பையில் என்ன என்று நான் தேடிப்போய்ப் பார்ப்பதில்லை. கதவு திறந்திருக்கிறது, தெரிகிறது, அவ்வளவுதான்.

முதல் மாடி அனுசுயாவின் மகள் எழிலரசி தினமும் லிஃப்டில் ஏறுவதும் அப்படித் தெரிந்ததுதான். முதல் மாடிக்குப் பதினெட்டே படி. பெண்ணுக்குப் பதிமூன்று வயது. பள்ளி வேன், லிஃப்ட், சோபா, கையில் போன். சனி ஞாயிறு என்றால் லிஃப்டும் கிடையாது.

போன மாதம் ஒரு நாள் அனுசுயா ஸ்கேன் சென்டர் கவரோடு வந்தாள். முகமே சரியில்லை. நான் எதுவும் துருவவில்லை. யாருக்கு, என்ன, எந்த டாக்டர் என்று மட்டும்தான் கேட்டேன்.

"எழிலுக்குக்கா. சுகர் வர்ற எல்லையில நிக்குதாம். ஈரல்ல வேற கொழுப்பு படிஞ்சிருக்கு. தினம் ஒரு மணி நேரம் ஓடியாடணும், மூணு மாசம் பாப்போம், இல்லேன்னா மாத்திரைதான்னுட்டார்."

"ஓடட்டுமே."

"எங்கக்கா ஓடுவா?"

இந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் நியாயம். வெளியே ரோட்டில் கண்டெய்னர் லாரி. பூங்கா இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் தொட்டி. மிச்சம் எங்கள் கார் நிறுத்துமிடம்தான். அங்கே தூணில் ஒரு பலகை: 'பந்து விளையாடத் தடை. மீறினால் பந்து பறிமுதல். இப்படிக்கு, சங்கச் செயலாளர்.' அந்தச் செயலாளர் அனுசுயாவேதான். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய புதுக் கார்க் கண்ணாடியில் பந்து பட்ட வாரம் மாட்டியது. அலுவலகத்திலும் விதிமுறை எழுதுகிற வேலை அவளுக்கு. அதனால் ஓட்டை உடைசல் இல்லாமல் எழுதிவைத்தாள். தடையை நீக்க வேண்டுமென்றால் பதினாறு வீட்டுக் கையெழுத்து வேண்டும்.

முதலில் நடக்கிற மெஷின் ஒன்று வாங்கினாள். நான்காம் நாள் அதில் துணி காய்ந்தது. அப்புறம்தான் தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை, ஒரு வீட்டில் புது கார், ஒரு வீட்டில் சும்மாவே முடியாது. மூன்று வாரம் அலைந்து பதினைந்து தேறியது.

பதினாறாவதுக்கு என்னிடம் வந்தாள்.

"நீங்க போட்டா முடிஞ்சிரும்க்கா."

"போடறேன். கொழந்தைங்க வெளையாடினா என்னன்னு நான் அப்பவே சொன்னேனே."

அவள் பழைய தீர்மானத்தின் நகலைப் பிரித்துக் காட்டினாள். முதல் கையெழுத்து என்னுடையது. பிள்ளைகள் போடுகிற கூச்சலில் எனக்கு சீரியல் வசனம் கேட்பதில்லை என்று அன்றைக்குப் போட்டது. பறிமுதல் செய்த பந்துகளும் என் பரணில்தான் இருந்தன. கையெழுத்துப் போட்டு ஒன்பது பந்தையும் கொடுத்தேன். அதில் எம்பியது இரண்டுதான்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு வாட்ச்மேன் வேம்புலி பலகையைக் கழற்றினான். எழிலரசி புது ஷூ போட்டுக்கொண்டு கீழே வந்தாள், லிஃப்டில். பந்தை வைத்துக்கொண்டு கார்களுக்கு நடுவே நின்றாள். யாரும் வரவில்லை. மூன்றாம் மாடி கிஷோருக்கு டியூஷன். சபீனாவுக்குக் கணக்கு வகுப்பு. மற்றதுகள் வீட்டில்தான் இருந்தன.

"குரூப்ல கேட்டேம்மா," என்று எழிலரசி போனை நீட்டினாள். "கீழ போரடிக்கும், ஆன்லைன்ல வா, அங்க ஆடலாம்னு சொல்றாங்க."

அனுசுயாவின் எரிச்சல் வேம்புலி பக்கம் திரும்பியது. "முன்னாடி இங்க எத்தன பசங்க இருந்தாங்க. எங்க போனாங்க எல்லாம்?"

"இன்னா மேடம் இப்டி கேக்குற. இருவது புள்ளிங்க கத்திக்கினு கெடந்துச்சுங்க. தொரத்துன்னு நீதான சொன்ன, தொரத்திட்டேன். இப்போ நா எங்கேர்ந்து புட்சிக்கினு வர்றது?"

அனுசுயா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "போடுடி."

எழிலரசி போட்டாள். அம்மா பிடிக்கவில்லை. பந்து நேரே அவர்கள் காரின் கதவில் போய் மோதியது. கார் அலற ஆரம்பித்தது. அனுசுயாவுக்கு வாய் தன்னால் திறந்தது, பிறகு மூடிக்கொண்டாள். ஆனால் நான்காம் மாடியிலிருந்து ஒரு குரல் இறங்கியது: "யாரது கீழ? மீட்டிங்ல இருக்கேன்ல."

"போதும்மா. மேல போலாம்," என்றாள் எழிலரசி.

"ஏழு நிமிஷம்தான்டி ஆச்சு."

பெண் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். அனுசுயா குறுக்கே போய் நின்றாள். "படி."

இரண்டு பேரும் ஏறினார்கள். இறங்கினார்கள். மறுபடி ஏறினார்கள். மூன்றாவது தடவை பாதிப் படியில் பெண் உட்கார்ந்துவிட்டாள், முகமெல்லாம் வேர்வை. "நீ மாட்டின போர்டு. எனக்கு எதுக்கு பனிஷ்மென்ட்?" என்றாள். அம்மாவும் ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

நான் சீரியல் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேம்புலி பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். "மேல்வூட்டு சார் போன் பண்றாரு மேடம். இத்த திரும்ப மாட்டிடவா?"

அனுசுயா படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.