நாற்பத்தொரு மேற்கோள்கள்

1

இந்தக் கதை ஓர் எண்ணிலிருந்து வந்தது. 1985இல் அதை எண்ணியவள் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆதிலட்சுமி சென்னையில் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சியாளர். நான் அவளுடைய உதவியாள். (நேரில் ‘மேடம்’. கதையில் ‘அவள்’ என்று எழுதினால்தான் பக்கத்தில் போக முடிகிறது.) அவளுக்கு ஒன்பது வருடமாகத் தற்காலிகப் பணி. ஒவ்வொரு ஜூனிலும் நீட்டிப்புக் கடிதத்துக்காகக் காத்திருப்பு. நிரந்தரப் பணிக்கான விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: உங்கள் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்?

நூலகத்தில் இரண்டு நாள் மேற்கோள் அட்டவணையின் தடித்த தொகுதிகளைப் புரட்டினேன். 1974இல் அவள் ஒரு பாக்டீரியாவில் புதிய புரதம் கண்டதாக எழுதிய கட்டுரைக்கு மட்டும் நாற்பத்தொன்று. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேறு யாருக்கும் பத்தைத் தாண்டவில்லை.

(அந்தத் தொகுதிகள் யார் யாரைக் குறிப்பிட்டார் என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது.)

2

விண்ணப்பம் போன பிறகுதான் அவளை மேற்கோள் காட்டிய அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன். முப்பத்தாறில் ஒரே செய்தி: அந்தப் புரதம் பாக்டீரியாவுடையது அல்ல. வெறுங்கையால் வேலை செய்தவரின் தோலிலிருந்து உதிர்ந்தது.

அவளிடம் கொடுத்தேன். கையுறை போட்டுக்கொண்டு சோதனையைத் திரும்பச் செய்தாள். அந்தப் புரதத்தைக் காட்டும் கோடு இம்முறை வரவில்லை.

பதினோரு வருடமாக அவளுக்குத் தெரியாதா? நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டுக்கொண்டேன். வெளிநாட்டு இதழ்கள் கப்பலில் ஆறு மாதம் தாமதமாக வரும், சில வரவே வராது. இது ஒரு பதில். பார்க்காமல் இருக்க விரும்பினாள் என்பது இன்னொன்று. இதில் எவளை எழுதுகிறேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

3

மலைக்குப் பின்னால் பொழுது சாயும் வேளையில் ஆதிலட்சுமி பேருந்திலிருந்து இறங்கி

இல்லை. அந்தப் பக்கத்துக் கதையெல்லாம் மலையில்தான் தொடங்குகிறது. அவள் அன்று மலையைப் பார்க்கவே இல்லை.

நேர்காணலுக்கு மூன்று நாள் இருந்தது. சொந்த ஊரான அடி அண்ணாமலையில் அவள் அப்பா அப்பாதுரை களத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கொடியிலிருந்து வேர்க்கடலைக் காய் பறித்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா. பலராமன் டீக்கடையில சொல்லிட்டேன். நாப்பத்தோரு வெளிநாட்டுக்காரன் எம் பொண்ணு பேர எழுதியிருக்கான்னு.”

“தப்புன்னு எழுதியிருக்காங்கப்பா.”

“எல்லாருமா?”

“முப்பத்தாறு பேர்.”

அவர் ஒரு காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். “போவட்டும். மிச்சம் அஞ்சு பேரு நல்லவனுங்கதான?”

“அவங்க படிக்காம எழுதினவங்க.”

“திட்டறதுன்னாலும் பேரச் சொல்லித்தான ஆவணும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“இன்டர்வியூ பண்றவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. எண்ணிக்கையத்தான் பார்ப்பாங்க.”

“அப்புறம் நீ எதுக்கு வாயத் தொறக்கற? நாப்பது வயசு ஆவுது. இந்த வேலையும் இல்லன்னா எங்க போவ?”

அவள் குனிந்து ஒரு கொடியை எடுத்து உதறினாள்.

(இந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கே இல்லை. பாதி அவள் பிறகு சொன்னது. எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.)

4

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அவள் பேசாமல் இருக்கிறாள். வேலை கிடைக்கிறது. அந்தப் புரதத்தை மேலும் ஆராய ஒரு மாணவியைச் சேர்க்கிறாள். அந்த மாணவிக்குப் பெயர் வைக்கும் இடத்தில் பேனா நின்றுவிட்டது.

அவள் சொல்லிவிடுகிறாள். நேர்மையை மெச்சி வேலையைக் கொடுக்கிறார்கள். இதைப் படித்துப் பார்த்துவிட்டு நானே அடித்துவிட்டேன்.

அவள் சொல்லிவிடுகிறாள். நன்றி சொல்லி அனுப்புகிறார்கள். ஜூனில் கடிதம் வரவில்லை. இதுவரை எழுத முடிகிறது. அடுத்த வரியில் அவள் அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

5

நடந்தது எனக்குத் தெரியும். அதன் கடைசி வரியை எழுதப்போவதில்லை.

நேர்காணல் எட்டு நிமிடம்தான். தேர்வுக் குழுத் தலைவர் ராஜமாணிக்கம் விண்ணப்பத்தைப் புரட்டி, “எங்க யாருக்குமே இவ்வளவு இல்லீங்க” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். கட்டுரையை யாரும் கேட்கவில்லை. கோப்பை மூடிவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

“நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?”

அவளுக்காக நான் எழுதிய எல்லா வாக்கியங்களையும் அடித்துவிட்டேன். நீங்களும் என்றாவது இப்படி ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களையும் யாராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். அன்று சொன்னதை, அல்லது சொல்லாததை, கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

“