புரொஜெக்டரின் சத்தம் நின்ற பிறகு

2006ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ராகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், கணேசமூர்த்தி வீட்டுச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த படத்தின் வில்லன் சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இருமுவது யார் என்று கேட்டான். பக்கத்துக் காம்பறாவில் குடியிருந்த நல்லமுத்து, தான்தான் என்று ஒப்புக்கொண்டு, வாசலுக்குப் போய் இருமிவிட்டு வந்தார். சண்டை தொடர்ந்தது.

படத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு முன்பும் காது கேட்டிருக்க வேண்டும். புரொஜெக்டரின் இரைச்சலில் ஒன்றும் விழுந்திருக்காது. ராகலை கடைவீதியில் வீடியோ கடை வைத்திருந்த கணேசமூர்த்தி, நுவரெலியாவில் மூடிப்போன விடுதி ஒன்றிலிருந்து அதை வாங்கி வந்திருந்தார். படம் சுவர் நிறைய விழுந்தது. ஆனால் உள்ளேயிருந்த காற்றாடி போட்ட சத்தத்தில், கதாநாயகி அழுதால் வாய் மட்டும்தான் அசைந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குச் சுவர் பொது என்பதால் படம் பார்க்காதவர்களும் அதைக் கேட்க வேண்டியிருந்தது. "மூர்த்தி, ஒங்க வீட்ல பேக்டரி தொறந்துட்டீங்களா?" என்று நல்லமுத்து கேட்டார்.

கணேசமூர்த்தி அதைக் கழற்றினார். காற்று வடிகட்டியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பெயிண்ட் பிரஷால் தட்டி எடுத்தார். காற்றாடியின் அச்சில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். மேசை அதிராமல் இருக்க அடியில் சைக்கிள் டியூப் துண்டுகளை வைத்தார். சத்தம் பாதியானது. மீதிக்காகப் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றின் உட்புறம் முழுக்க மெத்தைப் பஞ்சு ஒட்டி, முன்னால் கண்ணாடி பதித்து, புரொஜெக்டரை அதற்குள் இறக்கினார். சூடேறிப் பல்ப் தானாக அணைந்தது. பிறகு பெட்டியின் பின்பக்கத்தை வெட்டி, வளைந்து வளைந்து போகும் காற்றுவழி அமைத்தார். சூடு வெளியே வந்தது, சத்தம் வளைவுகளிலேயே தங்கிவிட்டது.

வில்லன் கேட்டது அதற்குப் பிறகுதான். லயத்துப் பிள்ளைகளுக்கு இது உடனே பழகிவிட்டது. பின்னால் ஆள் வருகிறான் என்று கதாநாயகனிடம் சொல்லிச் சொல்லியே பல படங்களை இடைவேளைக்கு முன்பே முடித்துவிட்டார்கள்.

கணேசமூர்த்தியின் மனைவி நாகலெட்சுமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம், அலுமாரியிலிருந்து தன் கல்யாணக் கேசட்டை எடுத்துவந்து கணவரிடம் நீட்டினாள். 1996இல் பிடித்தது. அதில் அவளுடைய தம்பி மூக்கன் சாம்பார் வாளியோடு பந்தியில் வருவான். இரண்டு வருடம் கழித்து, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறேன் என்று அவன் நின்றபோது, நாடு கெட்டுக் கிடக்கிற நேரத்தில் போனால் இந்த வாசலை மிதிக்காதே என்று கணேசமூர்த்தி சொல்லிவிட்டார். மூக்கன் போனான். பிறகு ஒரு தகவலும் இல்லை. சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். நாகலெட்சுமி கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கினாள், சிறை வாசல்களில் நின்றாள். சொந்தக்காரர்கள் அவன் படத்துக்கு மாலை போடச் சொன்னார்கள். அவள் போடவில்லை. கணவரை ஒரு சொல் குறை சொன்னதுமில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கணேசமூர்த்தி வெளிச்சம் வராமல் ஜன்னலில் படங்கைத் தொங்கவிட்டுக் கேசட்டைப் போட்டார். மூக்கன் வாளியோடு வந்தான்.

"டேய் மூக்கா!"

அவன் நின்று கேமராவைப் பார்த்தான். "அக்கா கொரலு மாதிரி இருக்கு. அக்கா மணவறையிலல்ல இருக்கு?"

"நான்தாண்டா. சொன்னா நீ கேக்க மாட்ட, கொழும்புக்குப் போயிருவ. ரெண்டாயிரத்து ஆறு தீபாவளிக்காவது வீட்டுக்கு வந்துருடா."

"வந்துரு மாப்ள," என்றார் கணேசமூர்த்தி. "நான் சொன்னத மனசுல வச்சுக்காத."

"என்னா சொன்னீங்க மாமா?"

அது அவனுக்கு இன்னும் நடந்திருக்கவில்லை. பந்தியில் யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள். "சரிக்கா, வாறேன்," என்று சொல்லிவிட்டு மூக்கன் போய்விட்டான்.

கல்யாணத்தன்று அவன் கேமராக்காரரை மறித்துக்கொண்டு பேசியதும், வீடியோவில் விழ ஆசைப்படுகிறான் என்று தான் மணவறையிலிருந்து நினைத்ததும் நாகலெட்சுமிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தீபாவளியன்று காலை, நுவரெலியா பஸ்ஸிலிருந்து மூக்கன் இறங்கினான். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது, கையில் கேக் பெட்டி இருந்தது. நாகலெட்சுமி ஓடிப்போய் அவன் முதுகில் இரண்டு அறை வைத்துவிட்டு, அதே முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா? எத்தன வருசம்!"

மூக்கன் குழம்பிப்போனான். "நீதானக்கா ரெண்டாயிரத்து ஆறு தீபாவளிக்கு வான்னு சொன்ன. முந்தி வந்தா மாமா ஏசுவாருன்னு இருந்துட்டேன்."

பாணந்துறையில் ஒரு பேக்கரியில் இருந்தானாம். நடுவில் சில மாதம் உள்ளே போட்டிருந்தார்களாம். கூட இருந்தவர்கள் பயந்து நடுங்கியபோதும், தான் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவேண்டியவன் என்பதால் நிம்மதியாகத் தூங்கியதாகச் சொன்னான். கணேசமூர்த்தி அவன் பையை வாங்கி உள்ளே வைத்தார். மூக்கன் நன்றாகச் சாப்பிட்டான்.

அதன் பிறகு நோட்டன் பிரிட்ஜிலிருந்தும் நல்லதண்ணியிலிருந்தும்கூட ஆளைத் தொலைத்தவர்கள் கல்யாணக் கேசட்டுகளோடு வந்தார்கள். கணேசமூர்த்தி மாதம் ஒருமுறை வடிகட்டியைத் துடைத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். வந்தவர்கள் தங்கள் ஆட்களிடம் வேண்டியதைப் பேசினார்கள். தேதி மட்டும் யாரும் குறிப்பிடுவதில்லை. சீக்கிரம் வா என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்து ஊருக்குப் போனார்கள்.