கிண்ணத்துத் தண்ணீர்

“அப்பா, இனிமே யாருக்கும் தெரியாதுல்ல?”

ஆறு வயதில் மசுமி கேட்ட கேள்வி அது. பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தய வரிசையில் நின்றவள், பயத்தில் கால்சட்டையை நனைத்துவிட்டாள். எங்கிருந்தோ வந்த அப்பா, குடுவையில் இருந்த பார்லித் தேநீரை அப்படியே அவள்மேல் கொட்டினார். “பாழாப் போன கை, புள்ளயக் குளிப்பாட்டிட்டேனே” என்று ஊர் கேட்கத் தன்னையே திட்டிக்கொண்டார். அம்மாவிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

ஐம்பத்திரண்டு வருடங்கள் கழித்து, பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், மசுமி அந்த அப்பாவின் காலடியில் மண்டியிட்டு டயப்பரைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டிய அப்பா கென்சாகு, இப்போது முப்பத்து நான்கு கிலோ. பெரியவர்களுக்கான டயப்பரில் ஆகச் சிறிய அளவுகூட அவர் தொடையைப் பிடிக்கவில்லை, ஓரங்களில் வழிந்தது. உள்ளே வைக்கும், ஈரம் உறிஞ்சும் பட்டைகளும் தீர்ந்துவிட்டன. மூன்று நாளாக மருந்துக்கடை வண்டி வரவில்லை. பக்கத்து வீட்டுக் கவாய் அக்காதான் பனியில் நடந்து வந்து, பேரன் விட்டுப்போன டயப்பர் பொட்டலத்தைக் கொடுத்தார்.

“கொழந்தைக்கு உள்ளது. ஆகுமா பாரு.”

“உள்ள வச்சுப் பாக்கறேன்க்கா.”

சின்ன டயப்பரின் அடித்தாளை நான்கு இடத்தில் கீறினாள், ஈரம் கீழே இறங்குவதற்காக. அதைப் பெரியதற்குள் வைத்து, இடுப்பை மடித்து நாடாவால் ஒட்டினாள்.

“பிரேக் பிடிக்கலம்மா” என்றார் கென்சாகு. “நாப்பது வருசம் ஓட்டுனவனுக்கு இந்தக் கதி.”

“எறக்கத்துல எல்லாருக்கும் அப்படித்தான்ப்பா. காலக் கொஞ்சம் தூக்குங்க.”

அவரால் தூக்க முடியவில்லை. அவளே தூக்கினாள்.

“ஒங்கண்ணன் யொஷிஹாருவும் அவன் பொண்டாட்டியும் வர்றப்ப நான் நனைஞ்சு கெடக்கக் கூடாது. அது ஒண்ணுதான்.”

“கெடக்க மாட்டீங்க.”

அரை மணி நேரத்தில் விரிப்பு நனைந்தது. அடுத்ததில் கீறல்களைப் பெரிதாக்கினாள். அதற்கடுத்ததில் தொடையோரம் துணியைச் சுருட்டி வைத்தாள். ஒவ்வொரு முறையும் ஈரம் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தது. அவர் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார். பூஜை மாடத்தின் முன் உட்கார்ந்து புத்தர் பெயரைச் சொன்னபோது, அவள் அப்பாவின் உயிரைக் கேட்கவில்லை. இது ஒன்று நிற்கட்டும் என்றுதான் கேட்டாள்.

கடைசியாகச் செய்ததில் ஈரம் நின்றது. ஒரு மணி நேரம் கழித்துக் கை வைத்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. அவரும் தூங்கினார். நண்பகல் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

நடந்தே வந்த மருத்துவர் மணியைப் பார்த்து, உயிர் பிரிந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, தலை வணங்கிப் போனார். மசுமி கிண்ணத்தில் தண்ணீரும், நுனியில் பஞ்சு சுற்றிய குச்சியும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். இறந்தவருக்குக் கொடுக்கும் கடைசித் தண்ணீர்; மூத்த மகன்தான் முதலில் உதட்டை நனைக்க வேண்டும். வாசலில் கார்ச் சக்கரத்தில் கட்டிய சங்கிலி பனியை அரைக்கும் சத்தம் கேட்டது.

பழக்கத்தில் அவள் கை போர்வைக்குள் போனது.

ஈரம். விரிப்பிலும் பரவியிருந்தது. டயப்பர் ஒன்றுகூட மிச்சமில்லை. துவைத்த விரிப்புகள் அடுப்பருகே இன்னும் காயவில்லை. வெளியே அண்ணன் காலணியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மசுமி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்து, போர்வையை விலக்கி, நனைந்த இடத்தில் கவிழ்த்தாள்.

கதவு நகர்ந்தது.

“என்னடி இது? கடைசித் தண்ணியப் போயி…” யொஷிஹாரு வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

“கை தவறிடுச்சுண்ணே.”

“இன்னிக்காவது நிதானமா இருக்கக் கூடாதா நீ?” என்றான். அண்ணி மண்டியிட்டுக் கைக்குட்டையால் ஒற்றத் தொடங்கினாள். “பாவம், மாமா முழுக்க நனைஞ்சுட்டாரே.”

“பாழாப் போன கை” என்றாள் மசுமி.

வேறு தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். கிண்ணம் நிரம்பி, விரல்கள்மேல் வழிந்து, அவை விறைக்கத் தொடங்கிய பிறகும், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.