ஜீப்பைச் சுற்றி ஒரு கிடை

சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு அரைமணி நேரத் தார்ச்சாலை. அதில் போக என்ன வீரம் வேண்டியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் நல்லசிவத்துக்குத் தோன்றிவிட்டது. காலண்டர் அச்சடிக்கிற மனிதர். மாதத்துக்கொரு மலை, பாலைவனம் என்று படம் போட்டுப் போட்டு, தானே ஒரு நாடோடி என்ற நினைப்பு. 2006 வைகாசியில் புது ஜீப் வேறு வாங்கிவிட்டார். கேட்கவா வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, விருதுநகரில் என் நாத்தனார் வீட்டில் எங்கள் மகள் யோகேஸ்வரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அமெரிக்க மாப்பிள்ளை, மறுநாள் விமானம் ஏறுகிறார். அன்றைக்கு விட்டால் விட்டதுதான். சென்னையில் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்திருக்கிறது, இப்போது கல்யாணம் வேண்டாம் என்று யோகேஸ்வரி மூன்று முறை சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவர் ஜீப்பில் பாட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பட்டுச்சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கே கிளம்பி, ஆமத்தூருக்கு முன்னாலேயே வண்டிப்பாதையில் இறக்கினார். ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யார் காலும் படாத பூமியாம். மேய்ப்பவர்களுக்கு அறிவு இருக்கிறது, முந்தின நாள் மழை பெய்த கரிசலில் வண்டி ஓட்ட மாட்டார்கள். நாலாவது புஞ்சையில் நாலு சக்கரமும் புதைந்தன. எந்தக் காட்டுக்குள்ளும் போகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். வெளியே வரும் என்று யாரும் சொல்லவில்லை. டிராக்டர் தேடி அவர் நடந்தார், செருப்புக்கு இரண்டு கிலோ மண்ணோடு. நான் கண்ணயர்ந்தேன்.

விழித்தபோது ஜீப்பைச் சுற்றி முந்நூறு ஆடுகள். அவற்றைச் சுற்றி மூங்கில் படல். புஞ்சைக்கு உரம் சேர, புஞ்சைக்காரரிடம் கூலி வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க ஆடுகளை அடைத்துவைக்கிற கிடை; அதன் நட்டநடுவில் எங்கள் உலகப் பயணம். மேய்ப்பவர் சங்கிலிமுத்து கடைசிப் படலை ஊன்றிக்கொண்டிருக்க, யோகேஸ்வரி முளைக்குச்சி எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்தரைக்கு டிராக்டரோடு வந்தவர், படலைப் பிரிக்கச் சொல்லிக் குதித்தார். மகளை டிராக்டரில் கொண்டுபோய் இறக்க அவர் கௌரவம் இடம் கொடுக்காது. சங்கிலிமுத்து அசையவில்லை. மறித்த கிடையை விடியுமுன் கலைக்கும் வழக்கமில்லை என்றார். அதுவும் புஞ்சைக்காரர் வீட்டுப் பெண்ணே இடம் காட்டி மறிக்கச் சொன்ன பிறகு என்று யோகேஸ்வரியைக் கை காட்டினார்.

“எங்களுக்கு இங்கன ஒரு அடி மண்ணு கிடையாது” என்றார் இவர்.

சங்கிலிமுத்து குழம்பிப்போய் என்னிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தாயி. உங்க புஞ்சை இல்லேன்னா இப்பவே பிரிச்சிருதேன்.”

யோகேஸ்வரி என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த முளைக்குச்சியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாயால் சொல்லிக் கேட்காத வீட்டில் பிள்ளை வேறு எப்படித்தான் சொல்லும்? எனக்கு வெட்கமாக இருந்தது.

“எங்க புஞ்சைதாண்ணே” என்றேன். “விடியட்டும். கிடைக்கூலிய மட்டும் இவுககிட்ட வாங்கிக்கிடுங்க.”